பகிர்ந்தவருக்குச் செலவில்லை

2012 மார்ச் 13 அன்று, உகாண்டாவின் வடக்கே உள்ள லிரா நகரில், திறந்தவெளியில் திரை கட்டி ஒரு படம் காட்டினார்கள். அரை மணி நேரப் படம்; பெயர் 'கோனி 2012'. எட்டு நாட்களுக்கு முன்புதான் இணையத்தில் வெளியாகியிருந்தது. அதற்குள் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது. ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படை பிள்ளைகளைத் தூக்கிச் சென்று துப்பாக்கி பிடிக்க வைத்த வட்டாரம் அது. அன்று கூடியிருந்தவர்களில் பலர் அந்தப் போரில் உறவினரையோ உடல் உறுப்பையோ இழந்தவர்கள். இணைய வசதி குறைந்த ஊர் என்பதால், தங்களைப் பற்றி உலகம் முழுக்கப் பார்த்துவிட்ட படத்தை அவர்கள் கடைசியாகத்தான் பார்க்க நேர்ந்தது. விக்டர் ஒசென் என்ற உள்ளூர்ச் செயல்பாட்டாளரின் அமைப்பு இந்தக் காட்சியை ஏற்பாடு செய்திருந்தது. படம் ஓடஓட முணுமுணுப்பு எழுந்து, கூச்சலாகி, கடைசியில் கல்வீச்சில் முடிந்தது. மற்ற ஊர்களில் திட்டமிட்டிருந்த காட்சிகளை ஒசென் நிறுத்திவிட்டார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. படத்தின் நடுவில் நின்றவர்கள் அமெரிக்க இயக்குநரும் அவருடைய சிறு மகனும். கோனியின் பெயரை ஊரறியச் செய்வதற்காக அந்தப் பெயர் பொறித்த சட்டைகளும் கைப்பட்டைகளும் விற்கப்பட்டன. கோனியிடம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், அவன் பெயரை ஒரு வெள்ளைக்கார மாணவனின் மார்பில் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோனி உகாண்டாவை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருக்கு அப்போது வேண்டியிருந்தது செயற்கைக் கால், சிகிச்சை, பள்ளிக்கூடம்.

படம் எடுத்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. படம் சொன்ன கொடுமைகளும் நடந்தவைதான். அப்படியிருந்தும் அது யாருக்காகப் பேசியதோ அவர்களையே காயப்படுத்தியது. இந்த இடத்தில்தான் இணையச் செயல்பாடு பற்றிய நம் வழக்கமான விவாதம் போதாமல் போகிறது. 'செய்தி உண்மையா, போலியா' என்று சரிபார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். உண்மையான செய்தி, நல்லெண்ணத்தோடு பகிரப்பட்டு, ஒருவரைக் குலைத்துவிட முடியும். ஏனென்றால் பகிர்பவருக்கு ஆகும் செலவு ஒரு விரல் அசைவு. பேசியவருக்கு ஆகும் செலவு வேறு: வாடகை வீடு, தோட்டத்துக் கூலி வேலை, ஊர்க் குழாயில் தண்ணீர், தங்கையின் கல்யாணப் பேச்சு, சில சமயம் உயிர். எளிய மக்களின் குரலை உரக்கச் சொல்கிறோம் என்று கிளம்பும் ஒவ்வொரு முயற்சியையும் இந்தக் கணக்கைக் கொண்டு பார்க்கலாம். விலை யார் தலையில் விழுகிறது? அதில் ஒரு பங்கையாவது பகிர்பவர் ஏற்கிறாரா?

2018 செப்டம்பரில் டெல்லியின் தாப்ரி பகுதியில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி இறந்தார். சுடுகாட்டில் அவருடைய மகன், சிறுவன், முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி அழும் காட்சியை ஒரு செய்தியாளர் படமெடுத்து ட்விட்டரில் இட்டார். படம் நாடு முழுக்கப் போனது. இணையவழி நிதி திரட்டலில் ஓரிரு நாட்களில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் காப்பாற்றப்பட்டது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே வாரத் தொடக்கத்தில், செப்டம்பர் 9 அன்று, அதே டெல்லியின் மோதி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கு அப்படி ஒரு படம் வாய்க்கவில்லை. எந்தச் சாவுக்கு நாடு அழ வேண்டும் என்பதைக் கேமராவின் கோணமும் தளங்களின் கணக்குநிரலும் சேர்ந்து தீர்மானித்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் அமைப்பு 2003-ல் தொடுத்த பொதுநல வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. ஆக, அந்தச் சிறுவனின் குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் ஏற்கெனவே இருந்தது. அது உரிமை. நன்கொடை அந்த உரிமையை மறக்கடித்துவிட்டது. ஒப்பந்ததாரர் யார், யார் கைதானார், இழப்பீடு வந்ததா என்று கேட்ட பதிவுகள் மிகக் குறைவு. பெஜவாடா வில்சன் வழிநடத்தும் அதே அமைப்பு 2022-ல் 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று நாள்தோறும் ஒரு நகரத்தில் பதாகையோடு வீதியில் நின்றது. தங்கள் முகத்தைக் காட்டுவது என்று தாங்களே முடிவெடுத்து நின்ற மக்கள். அழுதுகொண்டிருக்கவில்லை, கோரிக்கை வைத்தார்கள். அந்தப் படங்கள் சிறுவனின் படம்போலப் பரவவில்லை. துயரத்தைப் பகிர்வது நமக்கு எளிதாக இருக்கிறது, கோரிக்கையைப் பகிர்வது அப்படி இல்லை. அந்தச் சிறுவனோ இன்று இளைஞன். வேலைக்குப் போகும் இடத்திலும் அந்தப் படம் அவனுக்கு முன்னால் போய் நிற்கக்கூடும்.

இதே பொருளில் தமிழில் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை இங்கே சொல்ல வேண்டும். திவ்யபாரதி எடுத்து 2017-ல் வெளியிட்டது. திரையிடல்களுக்குக் காவல்துறை இடைஞ்சல் செய்தபோது படம் யூடியூபுக்கு வந்து லட்சக்கணக்கானோரை அடைந்தது. அந்த ஆண்டே 2009-ஆம் ஆண்டின் மாணவர் போராட்டம் ஒன்றின் பழைய வழக்கில் திவ்யபாரதி கைதானார். அவருடைய கைப்பேசி எண் பரப்பப்பட்டு ஆபாச அழைப்புகளும் மிரட்டல்களும் குவிந்தன. படத்தைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், விலையின் ஒரு பெரும் பங்கு எடுத்தவர் தலையிலேயே விழுந்தது. அவர் அதற்காகப் படத்தைப் பின்வாங்கவில்லை. இணையத்தில் பிறர் துயரைப் பேசுபவர்களில் எத்தனை பேரிடம் இந்தக் கணக்கு இப்படி நேராகிறது?

பேசப்படுபவருக்குத் திருப்பிப் பேச இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் வட்டாரத்தில் 2002-ல் தொடங்கியது 'கபர் லஹரியா'. தலித், ஆதிவாசி, முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம். அச்சில் வந்தது, பிறகு கைப்பேசிக் காணொளிக்கு மாறியது. அதைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' 2021-ல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்று, 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஆஸ்கர் விழாவுக்குச் சில நாட்கள் முன்பு கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் மனதைத் தொடுகிறது, ஆனால் எங்களை ஒரே ஒரு கட்சியைப் பற்றியே செய்தி சேகரிப்பவர்களாகக் காட்டுகிறது, எங்கள் கதையின் ஒரு பகுதியை முழுக் கதையாக்குகிறது என்பதே அதன் சாரம்.

அப்போது பலர் முகம் சுளித்தார்கள். உலக மேடை கிடைக்கும் நேரத்தில் இது தேவையா, எடுத்தவர்களுக்கு நன்றி இல்லையா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு அந்த அறிக்கை அந்த ஆண்டின் மிக முக்கியமான ஊடக ஆவணங்களில் ஒன்றாகப் படுகிறது. அந்தச் செய்தியாளர்கள் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களிடமும் பேட்டி வாங்கியாக வேண்டும். ஒரு கட்சிக்கு எதிரானவர்கள் என்ற முத்திரை குத்தப்பட்டால் அந்தப் பெண்களுக்கு வீதியில் பாதுகாப்பு இல்லை, தொழிலும் இல்லை. இயக்குநர்களுக்கு அழகான கதை. இவர்களுக்கு அன்றாட ஆபத்து. இதைச் சொல்ல அவர்களால் முடிந்ததற்குக் காரணம், இருபது ஆண்டுகளாக அவர்களிடம் சொந்தத் தளமும் வாசகர்களும் இருந்தது. லிராவில் கூடியவர்களிடம் இருந்தது கல் மட்டும்தான்.

ஆகவே ஒருவரின் குரலைப் பரப்ப விரும்புபவர் முதலில் தேட வேண்டியது அவர் ஏற்கெனவே எங்கே பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை. பெரும்பாலும் எங்கோ பேசிக்கொண்டுதான் இருப்பார். கோத்தகிரியிலிருந்து வந்த ஆய்வாளர் ரவிச்சந்திரன் பத்ரன் தொடங்கிய 'தலித் கேமரா' போன்ற அலைவரிசைகள் வெட்டுக் கொத்து இல்லாத நீண்ட பேட்டிகளை வெளியிட்டுவந்தன. அந்தப் பேட்டியிலிருந்து முப்பது விநாடியை வெட்டி, நம் பக்கத்தின் முத்திரையை மூலையில் ஒட்டி வெளியிட்டால் பார்வைகள் நமக்கு வரும். மூலக் காணொளியின் இணைப்பைக் கொடுத்தால் அவர்களுக்குப் போகும். நாணயத்துக்கு இதைவிட எளிய சோதனை இல்லை. தரானா பர்க் 2006-லேயே 'மீ டூ' என்ற பெயரில் கறுப்பினச் சிறுமிகளுக்காகப் பணி தொடங்கியிருந்தார். 2017 அக்டோபரில் நடிகை அலிசா மிலானோவின் பதிவால் அந்தச் சொல் உலகைச் சுற்றியபோது, பர்க்கின் பெயரை மற்ற கறுப்பினப் பெண்கள் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. மிலானோ ஓரிரு நாளில் அதை ஏற்று எழுதினார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

பெயர், முகம் ஆகியவற்றுக்கு வருவோம். சிக்கல் கூர்மையாவது இங்கேதான்.

2018-ல் ஜம்முவின் கதுவாவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட எட்டு வயது பகர்வால் சமூகச் சிறுமிக்கு நீதி கேட்டு எழுந்த ஹேஷ்டேக்கில் அவளுடைய பெயரே இருந்தது. படமும் எங்கும் பரவியது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. அவளை அடையாளப்படுத்திய 12 ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துபோயிருந்தாலும், குடும்பமே சம்மதித்தாலும், உரிய நீதிபதியின் அனுமதி இல்லாமல் அவரை அடையாளப்படுத்தக் கூடாது. அப்படியும் 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரும் படமும் ஹேஷ்டேக்காக ஓடின; எல்லாவற்றையும் நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2020-ல் ஹாத்ரஸ் சம்பவத்தின்போது நடந்தது இன்னும் விபரீதம். இறந்த தலித் பெண்ணின் படம் என்று பரவியவற்றில் ஒன்று அவருடையதே அல்ல. தன் மறைந்த மனைவியின் படம் இப்படிச் சுற்றுகிறது என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பகிர்ந்தவர்கள் பெரும்பாலும் நீதி கேட்டவர்கள்தான் என்பதை மறக்க முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது இலேசானதும் அல்ல. பெயரை மறைப்பதால் வெட்கப்பட வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் என்றாகிறது. பெயரில்லாத ஒருவருக்காக மக்கள் திரள்வதும் கடினம். கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட சுசெட் ஜோர்டன் 2013-ல் தன் பெயரையும் முகத்தையும் தானே வெளிப்படுத்தியது இந்தக் காரணத்துக்காகத்தான். நிர்பயாவின் தாய் ஆஷா தேவி 2015-ல் மகளின் பெயரைப் பொதுமேடையில் சொன்னார். சட்டமும் வயதுவந்த பெண் தானே எழுத்தில் ஒப்புதல் தருவதை அனுமதிக்கிறது. சுசெட்டின் முடிவுக்கு முன்னால் ஓராண்டுக்கு மேல் யோசனை இருந்தது. விளைவுகளைப் பார்த்துவிட்டு அவரே ஏற்றது அது. இன்னொருவருக்காக நாம் அந்த முடிவை ஓர் இரவில் எடுக்கும்போது அவருடைய துணிவை நாம் செலவழிக்கிறோம்.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற எண்ணமும் தவறு. மனித உரிமைக் காணொளிகளை மனதில் வைத்து யூடியூப் 2012-லேயே முகம் மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் சிற்றூரில் முகம் தேவையில்லை. குரல் போதும். பின்னால் தெரியும் ஓட்டு வீடு போதும். 'அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரே பெண்' என்ற வரி போதும். அடையாளத்தை மறைத்துவிட்டோம் என்று நகரத்தில் உட்கார்ந்து நினைப்பவருக்கு, அந்த ஊர்க்காரர் ஐந்து நிமிடத்தில் வீட்டு வாசலைக் காட்டிவிடுவார். பேசியவரிடம் ஒப்புதல் கேட்கும்போது 'இணையத்தில் போடலாமா' என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றே சொல்வார். 'உங்கள் முதலாளி பார்ப்பார், மாமனார் வீட்டார் பார்ப்பார்கள், பத்து ஆண்டு கழித்தும் இருக்கும், நான் நீக்கினாலும் மற்றவர்கள் கைப்பேசியில் இருப்பதை நீக்க முடியாது' என்று விளக்கிக் கேட்டால் சிலர் வேண்டாம் என்பார்கள். அந்த 'வேண்டாம்' வரும்படி கேட்பதுதான் ஒப்புதல் கேட்பது. நெருக்கடி நேரத்தில், பிணம் வீட்டில் கிடக்கும்போது வாங்கிய தலையசைப்பை ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டு உறுதிசெய்வது நல்ல செய்தியாளர்களின் பழக்கம். செயல்பாட்டாளர்களுக்கும் அது வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இவை எல்லாம் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தன. 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். பெண்களை நட்பாகப் பேசி வரவழைத்து, பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, படமெடுத்து மிரட்டிய கும்பல் வெளிச்சத்துக்கு வந்தது. புகாருக்குப் பிறகு அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்களிடம் பேசும்போது அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். விசாரணையை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே பெயரும் விவரங்களும் இருந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் பெயரில்லாத புது ஆணை வெளியிடவும் உத்தரவிட்டது.

மார்ச்சில் ஒரு காணொளித் துண்டு வெளியே வந்தது. அதில் ஒரு பெண் கெஞ்சும் குரல். அவர் சொன்ன சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே பெரும்பாலான வாசகர்களுக்கு நினைவுக்கு வரும், அதுதான் நடந்த தவறின் அளவு. வாட்ஸ்அப் குழுக்களில் கண்ணீர்க் குறியோடு போனது, தொலைக்காட்சி விவாதங்களுக்கு நடுவே ஒலித்தது, கவிதைகளுக்குத் தலைப்பானது. அந்தக் குரலுக்குரியவர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டிருப்பார். அவர் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். குற்றவாளிகள் எதை வைத்து மிரட்டினார்களோ, 'வெளியே விட்டுவிடுவோம்' என்று, அதை நியாயத்தின் பெயரால் நாம் செய்து முடித்தோம். அந்தத் துண்டு இல்லாவிட்டால் மாநிலம் கொதித்திருக்காது, மாணவர்கள் வீதிக்கு வந்திருக்க மாட்டார்கள், வழக்கு கைமாறியிருக்காது என்பார்கள். பொதுக் கோபம் வழக்கைத் தள்ளியது உண்மை. ஆனால் இப்படி ஒரு காணொளி இருக்கிறது, அதில் இது தெரிகிறது என்று எழுதினாலே கொதிக்கக்கூடிய சமூகம்தான் இது. குரலைக் கேட்டால்தான் நம்புவோம் என்று நிபந்தனை போட்டது நாம். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய அந்தரங்கப் படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கத் தளங்களுக்குக் கெடு வைத்தன. இறக்கி வைத்துக்கொண்டவரின் கைப்பேசிக்கு விதி போகாது.

கூடவே எண்ணிக்கைகள் கிளம்பின. நூற்றுக்கணக்கான பெண்கள், ஆயிரத்துக்கு மேல் காணொளிகள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. கோபத்தைக் கூட்ட உதவும் என்று நினைத்தவர்கள், தயங்கி நின்ற ஒரு பெண் அதைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவாள் என்று நினைக்கவில்லை. வாயைத் திறந்தால் தன் வாழ்க்கையும் இந்தக் கூட்டத்தின் கையில் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். ஐந்து ஆண்டு கழித்தும் பாடம் ஏறவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அடையாளங்களோடு கசிந்தபோது, கசியவிட்டதைக் கண்டித்தவர்களே அதைப் பகிர்ந்தார்கள். மீண்டும் 25 லட்சம் இழப்பீடு, மீண்டும் உயர் நீதிமன்றம்.

பொள்ளாச்சி வழக்கின் விசாரணை கோவை மகளிர் நீதிமன்றத்தில் மூடிய அறையில் நடந்தது. அங்கே எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். நீண்ட காலம் இழுத்த வழக்கு. ஆனாலும் சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை என்று தீர்ப்புக்குப் பிறகு சிபிஐ தரப்பு வழக்கறிஞர் சொன்னார். இத்தகைய வழக்குகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு அரிது என்று தெரியும். அடையாளம் காக்கப்படும் என்ற உறுதியில்லாமல் அந்தப் பெண்கள் கூண்டில் ஏறியிருக்க மாட்டார்கள். வீடுகளுக்குப் போய்ப் பேசி, நம்பிக்கை கொடுத்து, விசாரணை நாட்களில் கூட நின்றவர்களின் வேலை எந்த ஹேஷ்டேக்கிலும் வரவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறையும், எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டன. மறுநாள் நாளிதழ்களில் ஒன்பது பேரின் பெயர்களும் படங்களும் வந்தன. அந்த எட்டுப் பெண்கள் எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள்; அப்படி இருப்பது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவர்கள் பேசவே வந்திருந்தார்கள்.